வாசகர் கேள்வி – பதில்: ஏ.ஐ. பண்ணையில் வேலை செய்ய என்ன கைவர வேண்டும்?

செயற்கை நுண்ணறிவால் நடத்தப்படும் பண்ணைகள் பற்றிக் கேள்விகள் அனுப்புமாறு கேட்டிருந்தோம். ‘எந்தக் கருவியை வாங்கலாம்?’ என்று கேட்டவர்கள் பலர். அவற்றை இம்முறை ஒதுக்கிவிட்டோம். அந்தக் கருவிகளோடு வேலை செய்பவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறோம்.

என் மகள் உயர்தரத்தில் உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் படித்து முடித்திருக்கிறாள். ஏ.ஐ. பண்ணையில் வேலை செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். கணினியில் தொடங்குவதா, விவசாயத்தில் தொடங்குவதா?
— ஒரு தாய், வெள்ளவத்தை

இரண்டுக்கும் முன்னால் அளக்கப் பழகட்டும், அம்மா. கணினி செடியைப் பார்ப்பதில்லை. சென்சர் அனுப்பும் எண்ணைத்தான் பார்க்கிறது. அந்த எண் உண்மையா, அந்த எண்ணுக்கும் செடிக்கும் என்ன தொடர்பு என்று சொல்லத் தெரிந்தவர்தான் இப்படியான பண்ணைக்கு முதலில் தேவை.

வீட்டிலேயே தொடங்கலாம். வெப்பநிலையும் சாரீரப்பதனும் காட்டும் சிறிய மீற்றர் ஒன்றைப் பல்கனியில் வைத்து, காலை, பகல், இரவு என்று ஒரு மாதம் குறித்து வரட்டும். பிறகு அந்த இரண்டு எண்களிலிருந்து ஆவியமுக்கக் குறைவைக் கணக்கிடட்டும். காற்று இன்னும் எவ்வளவு நீராவியை ஏற்கும் என்பதைச் சொல்லும் அளவு அது. 30 பாகை செல்சியஸில் நிரம்பிய காற்றின் ஆவியமுக்கம் 4.24 கிலோபஸ்கால். சாரீரப்பதன் 75 சதவீதம் என்றால் மீதி கால்பங்கு, அதாவது 1.06. பெரும்பாலான மரக்கறிப் பயிர்கள் 0.8 முதல் 1.2 வரை நன்றாக இருக்கும். அதே பல்கனியில் இரவு 25 பாகையும் 95 சதவீதமும் காட்டினால்? நிரம்பல் ஆவியமுக்கம் 3.17. அதில் இருபதில் ஒரு பங்குதான் மீதி. 0.16 வரும்.

அந்த நிலையில் இலையிலிருந்து நீர் மிகக் குறைவாகவே ஆவியாகும். நீரோடு சேர்ந்து ஏற வேண்டிய கல்சியம் இளம் இலைக்கும் காய்க்கும் போதிய அளவு போய்ச் சேராது. சலாதின் குருத்திலை ஓரம் கருகுவதும் தக்காளியின் அடி கறுத்து அழுகுவதும் சில வேளைகளில் இதனால்தான். தொட்டியில் கல்சியம் தாராளமாக இருக்கும்போதே இது நடக்கும். காரணம் தெரியாதவர் இன்னும் கொஞ்சம் கல்சியம் நைத்திரேற்றைக் கொட்டுவார். காரணம் தெரிந்தவர் இரவில் காற்றாடியை ஓட்டுவார். கட்டுப்பாட்டு மென்பொருள் அதிகாலை 2 மணிக்குக் காற்றாடியைத் தொடக்குவது ஏன் என்று அவருக்குத்தான் புரியும். அது தொடக்காமல் விட்டால் பிழை எங்கே என்று தேடவும் அவரால்தான் முடியும்.

அடுத்தது நீரும் பசளையும், அதன் பின் 12, 24 வோல்ட் மின்னிணைப்பு. பிறகு தரவை விரிதாளில் அடுக்கி வரைபு போடப் பழகுவது. பைதன் என்ற நிரல்மொழி அதற்குப் பின். நரம்பு வலையமைப்பின் கணிதத்தை அவசரப்பட்டு முன்னால் கொண்டுவர வேண்டாம்.

படிக்கும் இடம் என்றால், ஹோமாகம பிட்டிப்பனவிலுள்ள கொழும்புப் பல்கலைக்கழகத் தொழினுட்ப பீடத்தில் விவசாயத் தொழினுட்பத்துக்கு ஒரு துறையும், கருவி மற்றும் தன்னியக்கத் தொழினுட்பத்துக்கு ஒரு துறையும் உண்டு. இந்த வேலையின் இரண்டு கால்களும் அவைதான். இசட் புள்ளி கைகொடுக்காவிட்டாலும் வழி அடைபடாது. ஹம்பாந்தோட்டை மாவட்டத்தில் வெலிகத்தையிலுள்ள, அதே பல்கலைக்கழகத்தின் விவசாயத் தொழினுட்ப, கிராமிய விஞ்ஞான நிறுவகத்தையும், நாவல திறந்த பல்கலைக்கழகத்தின் பொறியியல் தொழினுட்ப பீடத்தையும், கிளிநொச்சியிலுள்ள இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவகத்தையும் விசாரியுங்கள். எந்தப் பாடநெறியானாலும் விண்ணப்பிக்கும் முன் ஒன்றைக் கேளுங்கள்: மாணவர் தம் கையால் சென்சர் பூட்டி, ஒரு போகம் முழுதும் பயிரோடு இருப்பார்களா? இல்லை என்றால் அந்தக் குறையை வெளியே ஒரு பண்ணையில் பயிலுநராக இருந்துதான் நிரப்ப வேண்டும்.

வீட்டு வயரிங் வேலையில் நல்ல அனுபவம் உண்டு. பொலித்தீன் கூடாரம் ஒன்றுக்குத் தானியங்கி நீர்ப்பாசனம் பூட்டக் கேட்கிறார்கள். எனக்குப் புதிதாக என்ன தெரிய வேண்டும்?
— மின்னியலாளர், கொட்டாஞ்சேனை

இந்தப் பண்ணைகளில் அடிக்கடி கெட்டுப்போவது மின்னிணைப்புத்தான். ஆகவே நீங்கள் பாதி வழி வந்துவிட்டீர்கள். மீதிப் பாதியில் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறோம்.

முதலில் பம்பி. ஒரு குதிரைவலு நீர்ப்பம்பி 230 வோல்ட்டில் ஓடும்போது 5, 6 அம்பியர் எடுக்கும். தொடங்கும் கணத்தில் அதைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு இழுக்கும். ‘10 அம்பியர்’ என்று எழுதிய சிறிய நீல ரிலேயின் தொடுகைகள் அந்த அடியில் உருகி ஒட்டிக்கொள்ளும். கணினி நிறுத்தச் சொல்லும், திரையும் நின்றுவிட்டதாகக் காட்டும், பம்பி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். எனவே சிறிய ரிலே கொன்டாக்டரின் சுருளை மட்டும் இயக்கட்டும், கொன்டாக்டர் பம்பியை இயக்கட்டும். மிகைச்சுமை ரிலேயைப் பம்பியின் தகட்டில் எழுதியிருக்கும் அம்பியருக்கு வையுங்கள். பம்பி உண்மையில் ஓடுகிறதா என்று கணினிக்குச் சொல்ல ஒரு மின்னோட்ட உணரியோ குழாயில் ஒரு பாய்ச்சல் மீற்றரோ வேண்டும். கொடுத்த கட்டளையை மட்டும் நம்பி இருக்கக்கூடாது.

தொட்டியில் நீர் இல்லாதபோது பம்பியை நிறுத்தும் மிதவை ஆழியை, கொன்டாக்டர் சுருளின் வழியிலேயே தொடராகக் கொடுங்கள். கணினி தொங்கிப்போனாலும், மென்பொருளில் பிழை இருந்தாலும் வெறும் பம்பி ஓடாது. அதேபோல் ஒவ்வொரு பம்பிக்கும் ‘கை – நிறுத்தம் – தானியங்கி’ என்ற மூன்றுநிலை ஆழி அவசியம். அதைச் செலவு என்று வெட்டச் சொல்லும் முதலாளிக்கு இணங்க வேண்டாம்.

அடுத்தது ஆர்.எஸ். 485. பண்ணைச் சென்சர்களில் பல இந்த இரட்டைக் கம்பி வழியாகத்தான் பேசும், மொழி மொட்பஸ். வீட்டு வயரிங் பழக்கத்தில் ஒரு பெட்டியிலிருந்து நாலு பக்கம் கிளை பிரிக்காதீர்கள். ஒரு சென்சரிலிருந்து அடுத்ததற்கு என்று சங்கிலியாகப் போக வேண்டும். முறுக்கிய சோடிக் கம்பி போடுங்கள். இரண்டு அந்தங்களிலும் 120 ஓம் தடையி. வேலை முடிந்ததும் மின்னை நிறுத்திவிட்டு ஏ, பி கம்பிகளுக்கு இடையே மல்டிமீற்றரை வையுங்கள். ஏறத்தாழ 60 ஓம் காட்டினால் இரண்டு தடையிகளும் இடத்தில் உண்டு. 120 காட்டினால் ஒன்று இல்லை. 40 அல்லது அதற்கும் கீழே என்றால் யாரோ நடுவிலும் பூட்டியிருக்கிறார்கள். புதிய சென்சர்கள் பெரும்பாலும் எல்லாமே முகவரி 1 என்றுதான் வரும். ஒன்றாகப் பூட்டினால் எல்லாம் ஒரே நேரத்தில் பதில் சொல்லி எதுவும் கேட்காது. ஒவ்வொன்றாக இணைத்து முகவரியை மாற்றி, அந்த இலக்கத்தைச் சென்சரின் மேலேயே அழியாத மையால் எழுதுங்கள்.

சில கருவிகள் 4 முதல் 20 மில்லியம்பியர் வரை அனுப்பும். இதில் ஒரு நல்ல வசதி உண்டு. அளவு பூச்சியம் என்றால் 4 வரும், கம்பி அறுந்தால் 0 வரும். இரண்டும் வேறுவேறு என்று நிரல் எழுதுபவரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அறுந்த கம்பியை வறண்ட மண் என்று எடுத்துக்கொண்டு கணினி நாள் முழுதும் நீர் விடும்.

சமிக்ஞைக் கம்பியையும் 230 வோல்ட் கம்பியையும் ஒரே குழாயில் இழுக்க வேண்டாம். பெட்டியின் கம்பி வாய்கள் கீழ்நோக்கி இருக்கட்டும், ஒவ்வொன்றும் இறுக்கமாக மூடியிருக்கட்டும். எறும்பும் பல்லியும் நுழைந்து சுட்டுப்போகும் பலகைகள் நம் நாட்டில் ஏராளம். ஈரமான கூடாரத்தில் 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லாமல் எதையும் இயக்கக்கூடாது. அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கும் பொறுப்பு யாருடையது என்றும் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

மொட்டைமாடியில் குழாய்களில் சலாது வளர்க்கிறோம். பீ.எச். பார்த்து அமிலம் விடும் தானியங்கி ஒரே இரவில் தொட்டி முழுவதையும் கெடுத்துவிட்டது. திரையில் 7.0 என்றே காட்டிக்கொண்டிருந்தது. கணினிப் பகுதியை மாற்ற வேண்டுமா?
— தெஹிவளை

கணினியை விடுங்கள். முதலில் பீ.எச். கோலின் கண்ணாடிக் குமிழை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு இருக்கக்கூடும். பீ.எச். கோல் தருவது ஒரு சிறு மின்னழுத்தம். பீ.எச். 7இல் அது பூச்சியம். 25 பாகையில் ஒவ்வோர் அலகுக்கும் ஏறத்தாழ 59 மில்லிவோல்ட் மாறும். குமிழ் வெடித்தால் உள்ளும் புறமும் ஒன்றாகி, எந்தத் திரவத்தில் வைத்தாலும் பூச்சியத்துக்கு அருகிலேயே நிற்கும். அதாவது 7 என்றே காட்டும். உங்கள் இலக்கு 6 என்றால் தானியங்கி ‘இன்னும் இறங்கவில்லையே’ என்று அமிலத்தை விட்டுக்கொண்டே இருக்கும். விடிவதற்குள் போத்தல் காலி.

கோல் நல்லதா என்று பார்க்க, பீ.எச். மாறாமல் நிற்கும் 7.00, 4.01 ஆகிய இரண்டு தாங்கற்கரைசல்கள் போதும். கோலைக் காய்ச்சி வடித்த நீரில் அலசி, மெல்லிய தாளால் ஒற்றுங்கள், தேய்க்க வேண்டாம். 7இல் வைத்து ஒரு நிமிடம் பொறுத்து மில்லிவோல்ட்டைப் பாருங்கள். பூச்சியத்திலிருந்து இருபுறமும் 30க்குள் இருக்க வேண்டும். அலசி, 4.01இல் வையுங்கள். புதிய கோலில் வித்தியாசம் ஏறத்தாழ 177 மில்லிவோல்ட் இருக்கும். 150க்குக் கீழே வந்தால் அந்தக் கோலைத் தூக்கிப் போடுங்கள். எடுத்த எண்களைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வைத்தால் கோல் கிழடாவது வாரக்கணக்கில் முன்னரே தெரியும். பயன்படுத்தாதபோது 3 மோலர் பொற்றாசியம் குளோரைட்டுக் கரைசலில் ஊற விடுங்கள். வெறும் நீரிலோ காய்ந்தோ வைப்பதுதான் கோலைக் கொல்லும் பெரிய காரணம்.

நீரில் எவ்வளவு பசளை கரைந்திருக்கிறது என்று காட்டும் மின்கடத்துதிறன் மீற்றரைச் சரிபார்க்க 1.413 மில்லிசீமன் கரைசல். வெப்பநிலை ஈடுசெய்யாத மலிவான கருவியானால் 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 2 சதவீதம் கூட்டிக் காட்டும். மாடியில் நீர் 32 பாகைக்கு ஏறும் பகலில் 1.4 என்பது 1.6 போலத் தெரியும். கருவி பசளையைக் குறைக்கும், செடி பட்டினி கிடக்கும். இரண்டு கோல்களையும் ஒரே தொட்டியில் ஒரே மின்வழங்கலில் இணைத்தால் ஒன்று மற்றொன்றைக் குழப்பும் என்பதையும் கவனியுங்கள். மின்கடத்துதிறன் கோலை வெளியே எடுத்ததும் பீ.எச். எண் துள்ளினால் இதுதான் காரணம். தனிமைப்படுத்திய மின்வழங்கல் வேண்டும், அல்லது ஒன்று அளக்கும்போது மற்றொன்றை நிறுத்த வேண்டும்.

இனித் தானியங்கிக்குக் கட்டவேண்டிய கடிவாளம். ஒரு தடவைக்குச் சில விநாடிகள் மட்டும் அமிலம். பிறகு நீர் கலக்க 10 முதல் 15 நிமிடம் பொறுக்க வேண்டும். மூன்று தடவை விட்டும் எண் அசையாவிட்டால் அமிலப் பம்பியை நிறுத்தி ஆளைக் கூப்பிட வேண்டும். நாளொன்றுக்கு இத்தனை மில்லிலீற்றர்தான் என்று ஓர் உச்சவரம்பும் வேண்டும். அமிலப் போத்தலை எப்போதும் நிரப்பி வைக்காமல், தொட்டியைக் கொல்லப் போதாத அளவு மட்டும் வையுங்கள். இது எளிய காப்பு, மென்பொருள் எதுவும் தேவையில்லை. அமிலத்தை நீர்த்தாக்கும்போது அமிலத்தை நீருக்குள் விடுங்கள். நீரை அமிலத்துக்குள் விட்டால் கொதித்துத் தெறிக்கும்.

இன்னொன்றும் பாருங்கள்: நீரின் வெப்பம். 20 பாகையில் ஒரு லீற்றர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கும், 30 பாகையில் 7.5தான். வேர் மூச்சுத் திணறும் நேரத்தில்தான் வேரழுகல் பூஞ்சணம் பிடிக்கும். தொட்டியை நிழலில் வைத்து வெள்ளைப் பூச்சுப் பூசுவது எந்த மென்பொருளையும்விடப் பயன் தரும்.

காலை 6 மணிக்கு என்று அமைத்த நீர்ப்பாசனம் பகல் 11.30க்கு ஓடுகிறது. கருவியை விற்றவர் ‘ஏ.ஐ. அப்படித் தீர்மானித்திருக்கும்’ என்கிறார்.
— கடுவெல

கருவி உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. இலங்கை நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால். அமைப்புகளில் நேர வலயத்தைக் கொழும்பு என்று மாற்றுங்கள். கரண்ட் போய் வந்ததும் நேரம் மறக்கிறதா என்றும் பாருங்கள். உள்ளே இருக்கும் கடிகாரச் சில்லின் சிறிய பற்றரி தீர்ந்திருக்கலாம். பழைய தரவு முழுதும் ஐந்தரை மணி தள்ளிப் பதிவாகியிருக்கும். அதைத் திருத்தாமல், தரவிலிருந்து கற்கும் எந்த ஏ.ஐ. மாதிரிக்கும் (model) பயிற்சிக்குக் கொடுக்க வேண்டாம். சூரியன் உச்சிக்கு வருவது காலை ஆறரைக்கு என்று அது கற்றுக்கொள்ளும்.

மென்பொருள் பொறியியலாளர் நான். இணையத்தில் கிடைத்த படங்களைக் கொண்டு இலை நோய் கண்டுபிடிக்கும் மாதிரி ஒன்றைப் பயிற்றுவித்தேன். சோதனையில் 98 சதவீதம் சரி. பாதுக்கையில் ஒரு மிளகாய்க் கூடாரத்தில் வைத்தபோது எதுவுமே சரிவரவில்லை. எங்கே தவறு?
— ராஜகிரிய

இந்தத் துறை முழுவதும் தெரிந்த சிக்கல் இது. பிளாண்ட்விலேஜ் என்ற புகழ்பெற்ற தரவுத்தொகுதியில் 14 பயிர்கள், 38 வகுப்புகள், 54,306 படங்கள். மொஹந்தி, ஹியூஸ், சலாத்தே ஆகிய ஆய்வாளர்கள் 2016இல் அதைக் கொண்டு பயிற்றுவித்த மாதிரி, ஒதுக்கி வைத்த சோதனைப் படங்களில் 99.35 சதவீதம் சரியாகச் சொன்னது. வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது 31 சதவீதத்துக்குச் சற்று மேலே வந்து நின்றது. அதை அந்த ஆய்வுக் கட்டுரையிலேயே ஒளிக்காமல் எழுதியும் இருக்கிறார்கள். அந்தப் படங்களில் இருப்பது பறித்தெடுத்து, ஒரே நிறப் பின்னணியில் வைத்த தனி இலை. கூடாரத்தில் இருப்பதோ ஒன்றன்மேல் ஒன்றாக இலைகள், பாதி நிழல், பனித்துளி, மருந்துத் தூள், நூல் கட்டு.

உங்கள் 98ஐ இன்னும் இரண்டு விதமாகச் சோதியுங்கள். 200 செடிகளில் 4தான் நோயுற்றவை என்றால் ‘எல்லாம் நலம்’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் மாதிரிக்கும் 98 சதவீதம் கிடைக்கும். ஆகவே மொத்தச் சரியைப் பார்க்காமல், நோயுற்றவற்றில் எத்தனையைப் பிடித்தது, நோய் என்று சொன்னவற்றில் எத்தனை உண்மை என்று வகுப்பு வகுப்பாகப் பாருங்கள். அடுத்தது, ஒரே செடியின் பத்துப் படங்களில் எட்டு பயிற்சியிலும் இரண்டு சோதனையிலும் விழுந்திருந்தால் அது சோதனையே அல்ல. படங்களைக் குலுக்கிப் பிரிக்காமல் செடிவாரியாக, இன்னும் நல்லது கூடாரவாரியாக, பிரியுங்கள். எண் விழும். விழுந்த எண்தான் உண்மையானது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய பள்ளம் பெயரிடுவதில் இருக்கிறது. மிளகாயில் ‘இலைச்சுருள்’ என்று ஒரே வகுப்பு வைத்திருந்தால் அதை மூன்றாக உடையுங்கள். பனிப்பூச்சி தாக்கினால் இலை ஓரம் மேல்நோக்கிச் சுருளும். சிற்றுண்ணி தாக்கினால் கீழ்நோக்கிச் சுருண்டு இலை ஒடுங்கி நீளும். வெண் ஈ காவும் வைரசு என்றால் சுருளோடு மஞ்சளும் குட்டை வளர்ச்சியும் சேர்ந்து வரும். மூன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு. சிற்றுண்ணி பூச்சி இனமே அல்ல, பூச்சிநாசினி அடித்தால் அதைத் தின்னும் நன்மைப் பூச்சிகள் செத்துச் சிற்றுண்ணி பெருகும். மாதிரி ‘இலைச்சுருள், 96 சதவீத உறுதி’ என்று சொல்வதால் கமக்காரருக்கு ஒரு பயனும் இல்லை. இலையின் அடிப்பக்கத்தையும் படம் எடுக்க வேண்டும், பத்து மடங்கு உருப்பெருக்கும் வில்லையோடு ஒரு முறை நேரிலும் பார்க்க வேண்டும். பெயரிடும் வேலையை விவசாயப் போதனாசிரியர் ஒருவரோடு உட்கார்ந்து செய்யுங்கள். அவரும் இன்னொருவரும் தனித்தனியே பெயரிட்டு, ஒத்துவராத படங்களை ஒதுக்கி வையுங்கள். இரண்டு அனுபவசாலிகளே முரண்படும் படத்தில் மாதிரி உறுதியாகப் பேசினால் அதை நம்ப வேண்டாம். விவசாயத் திணைக்களத்தின் 1920 தொலைபேசிச் சேவையிலும் ஆலோசனை கேட்கலாம்.

எங்கள் யோசனை இது: நோயை விட்டுவிட்டு மஞ்சள் ஒட்டுப்பொறியில் தொடங்குங்கள். பொறிக்கு முன்னால் 30 சென்ரிமீற்றரில் அசையாத கெமரா, ஒரே வெளிச்சம், நாளுக்கு இரண்டு படம். வெண் ஈக்களை எண்ணி, நேற்றைய எண்ணைக் கழித்தால் இன்றைய வரவு. பொறியை மாற்றிய நாளைக் குறிக்க மறந்தால் மட்டும் கணக்குக் குழம்பும். பின்னணி ஒன்றே என்பதால் சில நூறு படங்களிலேயே மாதிரி நன்றாகக் கற்கும். பூச்சி பெருகுவதைக் கண்ணில் படும் முன்னரே சொல்லக்கூடிய கருவி அது. மருந்து அடிக்கும் பம்பியோடு மாதிரியை நேரடியாக இணைப்பதை மட்டும் செய்ய வேண்டாம். மாதிரி காட்டட்டும், மனிதர் போய்ப் பார்த்து முடிவெடுக்கட்டும்.

பைதன் தெரியாமல் இந்த வேலையில் நிலைக்க முடியுமா?
— வத்தளை

முடியும். ஓட்டப் படம் போல் பெட்டிகளை இணைத்து நிரலாக்கும் நோட்-ரெட் போன்ற கருவிகளில் கூடாரத்தின் அன்றாடத் தானியக்கத்தை அமைக்கலாம். ஆனால் ஈ.எஸ்.பி. 32 போன்ற சிறு கட்டுப்படுத்தியைத் தொடுபவருக்கு அதன் குணம் தெரிந்திருக்க வேண்டும். அதன் முனைகள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. வைஃபை ஓடும்போது அதன் இரண்டாவது அளவீட்டுத் தொகுதி (ADC2) முனைகளால் சென்சரை அளக்க முடியாது. ஆகவே மண் ஈரச் சென்சரை 32 முதல் 39 வரையான முனைகளில் கொடுங்கள். சென்சர் மேசையில் சரியாக வேலை செய்து, வைஃபை இணைந்ததும் செத்துப்போனால் பெரும்பாலும் இதுதான். ஈரச் சென்சரும் உலோகம் மண்ணில் படாத கொள்ளளவி வகையாக இருக்கட்டும். உலோகம் வெளியே தெரியும் தடை வகை சில வாரங்களில் அரித்துவிடும்.

அவிசாவளைப் பக்கம் அரை ஏக்கர் காணி இருக்கிறது. ஆளில்லாமல் முழுதும் ஏ.ஐ. நடத்தும் பசுமைக்குடில் போட்டுக் கொழும்பிலிருந்தே பார்த்துக்கொள்ள எண்ணுகிறேன். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று முழுத் தொகுதியையும் தருவதாகச் சொல்கிறது.
— கொழும்பு 7

ஆளில்லாமல் என்பதை மறந்துவிடுங்கள், ஐயா. நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகம் 2018இல் தன்னியக்கப் பசுமைக்குடில் போட்டி நடத்தியது. ஐந்து அணிகள், ஒவ்வொன்றுக்கும் 96 சதுர மீற்றர் அறை, பயிர் வெள்ளரி. மைக்ரோசொஃப்ட் ஆய்வாளர்கள் தலைமையிலான சோனோமா அணி, அனுபவமிக்க செய்கையாளர்களையும்விட அதிக நிகர இலாபம் எடுத்து வென்றது. அங்கேயும் கொடி கட்டியதும் கிளை நீக்கியதும் காய் பறித்ததும் மனிதக் கைகள்தான். கணினி முடிவெடுத்தது காலநிலை, நீர், பசளை, ஒளி ஆகியவற்றில். உங்கள் அரை ஏக்கருக்குப் பயிர் தெரிந்த ஒருவர், நீரும் மின்னும் தெரிந்த ஒருவர் நிரந்தரமாக வேண்டும். கொடி கட்டவும் பறிக்கவும் தனியாக ஆட்கள். முதலில் அந்த இருவரைத் தேடுங்கள், தொகுதியைப் பிறகு வாங்கலாம்.

விற்பவரிடம் குளிரூட்டும் முறையைக் கேளுங்கள். நனைந்த திண்டு வழியாகக் காற்றை இழுத்துக் குளிர்விக்கும் ஈரத்திண்டும் காற்றாடியும் என்றால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வறண்ட நாட்டில் 40 பாகையும் 20 சதவீத சாரீரப்பதனும் இருக்கும்போது, நீர் ஆவியாவதால் காற்றுக் குளிரக்கூடிய எல்லையான ஈரக்குமிழ் வெப்பநிலை ஏறத்தாழ 22. அங்கே திண்டு அற்புதம் செய்யும். இங்கே 31 பாகை, 75 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் 27. திண்டு எவ்வளவு நல்லதானாலும் அதற்குக் கீழே போகாது. காற்று 28 பாகையோடு நின்று சாரீரப்பதன் 90ஐத் தாண்டும், பூஞ்சணத்துக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. நமக்கு உயரமான கூரை, கூரை முகட்டில் காற்று வெளியேறும் வாய், நிழல் வலை. வெண் ஈயைத் தடுக்க 50 மெஷ் (அங்குலத்துக்கு 50 கண்) வலை போட்டால் காற்றோட்டம் குறையும், அதை ஈடுகட்ட வலைப் பரப்பைக் கூட்ட வேண்டும். இந்த உடலமைப்புச் சரியில்லாத குடிலை எந்தச் செயற்கை நுண்ணறிவாலும் காப்பாற்ற முடியாது.

ஒப்பந்தத்தில் எழுதிக் கேட்க வேண்டியவையும் உண்டு. இணையம் அறுந்தால் கட்டுப்பாடு குடிலிலேயே தொடர வேண்டும். மேகக் கணினியில் மட்டும் ஓடும் தொகுதி வேண்டாம். கரண்ட் போனால் வால்வுகள் தாமாக மூட வேண்டும், காற்று வாய்கள் திறந்திருக்க வேண்டும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறால் நாடே இருண்டது நினைவிருக்கும். அப்படி ஒரு பகலில் குழாய்வழிச் சலாது ஓரிரு மணியில் வாடும். தும்புச்சோற்றுப் பைகளில் வளரும் தக்காளி அரை நாள் தாங்கும். மாற்று மின்சாரத்தின் அளவை இந்த வித்தியாசம்தான் தீர்மானிக்கிறது. கரண்ட் திரும்பியதும் எல்லாப் பம்பிகளும் ஒரே கணத்தில் தொடங்காமல் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்க வேண்டும். தரவு உங்கள் கையில் இருக்க வேண்டும், விரும்பிய நேரம் விரிதாளாக எடுக்கக் கூடியதாக. சென்சர்கள் எந்த வகை, கொழும்பில் மாற்றுச் சென்சர் கிடைக்குமா என்றும் கேளுங்கள். கப்பலில் வரவேண்டிய உதிரிப்பாகத்துக்காகப் பயிர் காத்திருக்காது.

ட்ரோன் ஓட்டப் பழகுவது பயன் தருமா?
— மொரட்டுவை

பெரிய வயல்களிலும் தென்னந்தோட்டங்களிலும் தரும். குடிலுக்கும் மாடிக்கும் தேவையில்லை. பழகுவதானால் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் பதிவும் அனுமதியும் பற்றி முதலில் விசாரியுங்கள்.

பண்ணை மேற்பார்வையாளர் நான். இரவு முழுதும் போனுக்கு எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கிறது. ஆட்கள் சத்தத்தை நிறுத்திவிட்டுத் தூங்குகிறார்கள். ஒரு நாள் உண்மையாகவே பம்பி நின்றது, யாருக்கும் தெரியவில்லை.
— ஹோமாகம

ஆட்களைக் குறை சொல்ல முடியாது. எச்சரிக்கையை அமைப்பது தனியான ஒரு தொழிற்றிறன், அது பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. எல்லையைத் தொட்டவுடன் சத்தமிட வேண்டாம். ஐந்து நிமிடம் தொடர்ந்து தாண்டியிருந்தால் மட்டும் அனுப்பட்டும். தொடங்கும் எல்லையும் நிற்கும் எல்லையும் வேறாக இருக்கட்டும். ஈரம் 28 சதவீதத்தில் பம்பி தொடங்கினால் 35இல் நிற்கட்டும். இரண்டும் 30 என்று வைத்தால் எண் 29க்கும் 31க்கும் இடையில் ஆடும்போதெல்லாம் பம்பியும் எச்சரிக்கையும் துடிக்கும்.

பிறகு வந்த எச்சரிக்கைகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் ‘இதைக் கேட்டவுடன் எழுந்து போய் என்ன செய்ய வேண்டும்?’ என்று எழுதுங்கள். பதில் இல்லாதவை காலை அறிக்கைக்குப் போகட்டும். இரவில் எழுப்ப வேண்டியவை நாலைந்துதான் மிஞ்சும்: பம்பி ஓடவில்லை, தொட்டி காலி, கரண்ட் இல்லை, குடில் அளவுக்கு மீறிச் சூடு, பதினைந்து நிமிடமாகத் தரவே வரவில்லை. கடைசியானதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கட்டுப்படுத்தியே செத்துப்போனால் எச்சரிக்கை அனுப்ப யாரும் இருக்காது. ஆகவே வெளியே இருக்கும் இன்னொரு கணினி அதன் மௌனத்தைக் கவனிக்க வேண்டும்.

செய்தி குறியிலக்கமாக வர வேண்டாம். ‘2ஆம் பம்பி ஓடவில்லை. ஆழியைக் கைக்கு மாற்றுங்கள். ஓடாவிட்டால் பெரிய தொட்டியின் வால்வைப் பாருங்கள்’ என்று, இரவில் இருப்பவர் தமிழர் என்றால் தமிழில், சிங்களவர் என்றால் சிங்களத்தில் வரட்டும். பத்து நிமிடத்தில் அவர் பதில் அழுத்தாவிட்டால் அடுத்தவருக்கு அழைப்புப் போகட்டும். மாதம் ஒருமுறை பகலில் மிதவையைக் கையால் கீழே அமுக்கி, யாருடைய போன் எத்தனை நிமிடத்தில் அடிக்கிறது என்று பார்த்து, அந்த நேரத்தைப் பம்பி அறைக் கொப்பியில் எழுதுங்கள்.